ஜூன் 5-க்கு என்ன அவசரம்?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் நகர் நலச் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ஃபைல். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், இந்த வருஷம் சுற்றுச்சூழல் தினத்துக்கு ஏரிக்கரையில ஆயிரம் கன்னு நடறோம். அனுமதி வாங்கியாச்சு. கன்னு இலவசமா வருது. நீங்க லடாக்லயே மரம் வச்சவர். திட்டத்தை நீங்கதான் எழுதிக் கொடுக்கணும்."

லடாக்கிலேயே மரம் வைத்தவர்! இந்தப் பட்டம் வந்ததற்கு நானேதான் காரணம். சங்கத்துக் கூட்டங்களில், பொங்கல் விழாவில், ஏன், ஒரு வளைகாப்பில் கூட, "நான் லேயில் இருந்தபோது மைனஸ் இருபதில் மரம் நட்டோம்" என்று ஆரம்பித்திருக்கிறேன். நட்ட மரங்கள் என்ன ஆயின என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் செயலாளருக்கு நான் ஏன் உடனே சரி என்று சொல்லவில்லை என்பது புரியும்.

1986-ல் ஆவடியிலிருந்து எனக்கு லேவுக்கு மாற்றல். ராணுவத்துக்குக் கட்டடம், தண்ணீர்க் குழாய், சாலை என்று வேலை செய்யும் ஒரு பிரிவில் சிவிலியன் ஜூனியர் இன்ஜினியர். லே ஊர் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கியதும் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. மூச்சு வாங்கும். பார்க்கும் இடமெல்லாம் பழுப்பு மலை. நடுவே ஓடை வரும் இடத்தில் மட்டும் பச்சைத் துண்டு போட்டாற்போல் ஒரு கிராமம். வருடம் முழுக்கப் பெய்யும் மழையும் பனியும் சேர்த்தே சுமார் 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் சுமார் 1,400. நம் ஊரில் ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை அங்கே ஒரு வருடத்துக்கு.

அங்கே போன முதல் கோடையில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம். முகாமைச் சுற்றி 600 மரக்கன்று நட வேண்டும். வன மகோத்சவம் 1950-ல் கே.எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. நல்ல யோசனைதான். ஜூலையில் வட இந்தியாவில் பருவமழை. நட்டுவிட்டால் வானம் தண்ணீர் ஊற்றும். ஆனால் அந்த மழை மேகத்தை இமயமலை மறித்துக்கொள்கிறது. லேவுக்கு ஜூலை என்பது இன்னொரு வறண்ட மாதம். காலண்டர் போட்டவர்கள் அங்கே வசிக்கவில்லை.

கன்றுகள் சமவெளி நர்சரி ஒன்றிலிருந்து லாரியில் ஜோஜி லா கணவாய் ஏறி வந்தன. பாதி இலை வழியிலேயே கருகியிருந்தது. சில்வர் ஓக் இருந்தது நினைவிருக்கிறது; மற்றவை என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி என்று எஸ்டிமேட்டில் இருந்தது, அப்படியே வெட்டினோம். பெரிய அதிகாரி ஒருவர் முதல் கன்றை நட்டார். ஜிலேபி, சமோசா. நான் மெஷர்மென்ட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: குழி 600, கன்று 600, தண்ணீர் ஊற்றியது ஒரு முறை. பில் பாஸ் ஆயிற்று.

மறு வருடம் ஏப்ரலில், பனி விலகிய பிறகு, வெயிலுக்காக நடந்துகொண்டிருந்தவன் சும்மா எண்ணிப் பார்த்தேன். உயிரோடு இருந்தவை பதினொன்று. அவையும் சமையல்கூடத்துக் கழிவு நீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் இருந்தவை. ஆனால் என் புத்தகத்தில் இன்றைக்கும் 600 என்றுதான் இருக்கும். அந்தப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிற மரத்தை எழுதுவதற்கு ஒரு கட்டமே கிடையாது. செய்த வேலைக்குத்தான் கட்டம்.

எங்களிடம் கூலிக்கு வந்த ஒரு லடாக்கிப் பெரியவர் இருந்தார். எல்லோரும் அவரை 'மேமே' என்பார்கள். அவர்கள் பாஷையில் தாத்தா. நான் செத்த குச்சிகளை எண்ணுவதைப் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டார்: "சாப், இதுக்கெல்லாம் தண்ணி முறை யாருது?" எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. தன் கிராமத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார்.

லடாக்கில் பனிமலை உருகி வரும் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவருகிறார்கள். 'யூரா' என்று பெயர். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று பார்க்க ஊரே ஓர் ஆளை நியமிக்கிறது. அவர் பெயர் 'சுர்போன்'. நம் ஊரில் நீர்க்கட்டி, மடையன் என்று இருந்தார்களே, அதே உத்தியோகம். (மடை திறப்பவன் பெயரை நாம் வசவாக்கிவிட்டோம், அது வேறு கதை.) அந்த முறைத் தண்ணீர் எட்டாத இடத்தில் அங்கே யாரும் மரம் வைப்பதில்லை. வைப்பதும் கன்று அல்ல. வில்லோ, பாப்லர் மரங்களிலிருந்து ஆள் உயரக் கழிகளை வெட்டி, சில நாள் ஓடைத் தண்ணீரில் ஊறப் போட்டு, வசந்தத்தில் வாய்க்கால் ஓரமாக ஆழமாக ஊன்றுகிறார்கள். ஆடு மாடு பட்டையைக் கடிக்காமலிருக்கக் கழியின் அடியில் பழைய டப்பாக்களின் இரு பக்கத்தையும் வெட்டிவிட்டு ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டுகிறார்கள். ராணுவ முகாமிலிருந்து வெளியே போகிற டால்டா டின்னெல்லாம் எங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்! வளர்ந்தால் பாப்லர் வீட்டுக்கு உத்தரம், வில்லோ மிலாறு கூரைக்கு. ஒவ்வொரு கழிக்கும் சொந்தக்காரர் உண்டு. பட்டுப்போனால் அவருக்கு வலிக்கும்.

எங்கள் 600-க்கு யாருக்கும் வலிக்கவில்லை.

இன்னொன்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதே காலத்தில், 1987-ல், லேவுக்கு அந்தப் பக்கம் செவாங் நோர்ஃபெல் என்ற அரசு சிவில் இன்ஜினியர் செயற்கைப் பனிப்பாறை என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார். விதைக்கவும் நடவும் ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் வேண்டும். உயரத்தில் இருக்கும் இயற்கைப் பனிப்பாறையோ ஜூனில்தான் சரியாக உருகத் தொடங்கும். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடை நீரைக் கிராமத்துக்கு அருகே, வெயில் படாத சரிவில் கல் தடுப்புகளுக்குப் பின்னால் தேக்கி உறைய வைத்தார். தாழ்வான இடம் என்பதால் அது முன்கூட்டியே உருகும். அவ்வளவுதான் தந்திரம். 2015-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிறகு சோனம் வாங்சுக் அதையே கூம்பாக நிமிர்த்தினார். மேலேயிருந்து குழாயில் வரும் தண்ணீரை உறையும் இரவில் பீய்ச்சினால் அது பனிக் கோபுரமாக நிற்கும். ஃபியாங் கிராமத்தில் அப்படிச் செய்த பனி ஸ்தூபியின் நீரைக்கொண்டு வெறும் பாலையில் சுமார் ஐந்தாயிரம் வில்லோ, பாப்லர் கழிகளை வளர்த்தார்கள். அவரைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அவர்கள் தண்ணீரை முதலில் செய்தார்கள். மரம் அதற்குப் பின்னால் வந்தது. நான் ஜிலேபியிலிருந்து ஆரம்பித்தவன்.

அதற்காக லடாக்கிகளும் இமாசலத்துக்காரர்களும் எல்லாம் சரியாகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து லாஹூல் பள்ளத்தாக்கில் ஒரே வகை வில்லோவைக் கழிக்குக் கழி ஒடித்து நட்டுக்கொண்டே போனார்கள். ஒரு தாய்க் கழியின் நகலே பள்ளத்தாக்கு முழுக்க. நோய் வந்தபோது கூட்டம் கூட்டமாகக் காய்ந்தன. ஒரு மரத்துக்கு வந்தது எல்லா மரத்துக்கும் வந்தது.

2018-ல் மகள் வீட்டுக்கு, கனடாவில் எட்மன்டன் நகரத்துக்குப் போய் ஐந்து மாதம் இருந்தோம். லடாக்கில் மரத்தைத் தேட வேண்டும். அங்கே வடக்கே காரில் போனால் மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஸ்ப்ரூஸ், பைன், நடுவே சதுப்பு, மறுபடி ஸ்ப்ரூஸ். பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரியில் படிக்கிறான். கோடை விடுமுறையில் அவன் வேலை மரம் நடுவது. இடுப்பில் இரண்டு பக்கமும் பை, கையில் சிறு மண்வெட்டி, ஒரு மரத்துக்கு இத்தனை சென்ட் என்று கூலி. ஒரு நாளைக்கு ஆயிரம், இரண்டாயிரம் நடுவார்களாம். சாலை இல்லாத இடத்துக்குக் கன்றுப் பெட்டிகள் ஹெலிகாப்டரில் போகும். கேட்டபோது வாய் பிளந்தேன். ஆனால் அவன் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: எந்த வட்டாரத்துக் காட்டில் பொறுக்கிய விதையோ அந்தக் கன்றுதான் அந்த வட்டாரத்துக்குப் போகும். தெற்கே பொறுக்கிய விதையைக் கொண்டுபோய் வடக்கே வைத்தால் உறைபனிக்கு முன்னால் தூங்கப் போகத் தெரியாமல் கருகிவிடும். என் சில்வர் ஓக் ஞாபகம் வந்தது.

மறு வருடம் 2019-ல் கனடா அரசு பத்து வருடத்தில் 200 கோடி மரம் நடுவோம் என்று அறிவித்தது. 2023-ல் அவர்களுடைய சுற்றுச்சூழல் தணிக்கை ஆணையரே, பெரிய மாற்றம் செய்யாவிட்டால் இது நிறைவேறாது என்று எழுதிவிட்டார். பணக்கார நாடு, பழகிய ஆட்கள், கொட்டிக் கிடக்கும் தண்ணீர். இருந்தும் இந்தப் பாடு. கன்று கடையில் வாங்கும் பொருள் இல்லை. விதை பொறுக்கி, நாற்றங்காலில் ஓரிரண்டு வருடம் வளர்த்து, நிலத்துக்காரரிடம் பல வருட ஒப்பந்தம் போட்டு, அப்புறம்தான் மண்வெட்டி.

வடக்கே இன்னொரு வம்பும் உண்டு. பனி மூடிய வெள்ளை நிலம் வெயிலைத் திருப்பி அனுப்பும். அதன் மேல் கரும்பச்சை ஊசியிலை மரம் நின்றால் வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். எல்லா இடத்திலும் மரம் நட்டால் பூமி குளிரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் வட கோடியில் 'ஃப்ளோ கன்ட்ரி' என்ற பெரிய சதுப்பில் 1980-களில் வரிச் சலுகைக்காகத் தண்ணீரை வடித்துவிட்டு ஊசியிலை மரம் நட்டார்கள். அங்கே கரியமிலத்தைப் பிடித்து வைத்திருந்ததே அந்த ஈரச் சதுப்பு மண்தான். இப்போது நட்ட மரத்தைக் காசு செலவழித்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2024-ல் யுனெஸ்கோ அந்தச் சதுப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நீலகிரியில் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து வாட்டில் மரமும் தைலமரமும் வைத்தோமே. இன்று அதே வாட்டிலை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

சரி, நூம்பலுக்கு வருகிறேன்.

சங்கத்தில் ஏற்கெனவே ஒரு முறை நட்டிருக்கிறோம். 2019 ஜூன் 5. எந்த வருடம் என்று கவனியுங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருடம். நாம் குளிக்கவே குடத்தை எண்ணிக்கொண்டிருந்த கோடையில் தெருவுக்குத் தெரு 300 கன்று நட்டு, பச்சை வலைக் கூண்டு மாட்டி, கூண்டில் பெயர்ப் பலகையும் கட்டினோம். அன்று பேசியவர்களில் நானும் ஒருவன். லடாக் கதைதான் சொன்னேன். அந்த 300-ல் இன்று நிற்பவை நான்கு. அதில் ஒன்று எங்கள் எதிர் வீட்டு வாசலில் இருக்கும் புங்கை. அந்த வீட்டு அம்மா தினமும் வடிகட்டும் இயந்திரத்திலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றினார். "ஏன்மா, சங்கத்துல ஊத்துவாங்களே" என்று ஒரு நாள் சொன்னேன். "வாசல்ல நிக்கிற புள்ளைங்க, தாகத்துக்கு யாரையோ கேக்குமா சார்?" என்றார். நடு விழாப் படத்தில் அவர் இல்லை. சமையல்கட்டில் இருந்தாராம்.

செயலாளருக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஆயிரம் கன்றுக்கு வாரம் இரண்டு முறை, தடவைக்குப் பத்து லிட்டர் என்றால் வாரத்துக்கு 20,000 லிட்டர். 6,000 லிட்டர் லாரி மூன்றுக்கு மேல். ஜூன் தொடக்கத்திலிருந்து வடகிழக்கு மழை வரும் அக்டோபர் நடு வரைக்கும் 19 வாரம். அறுபது லாரிக்குக் குறையாது. இடையில் ஆடி, ஆவணியில் பெய்யும் மழையைக் கழித்தாலும் நாற்பது லாரி. லாரி கரை மேல் போகாது. ஆள் குடத்தில் தூக்க வேண்டும். "இதுக்கு ஃபைல்ல பட்ஜெட் இருக்கா?" என்றேன். பேனருக்கும் சாப்பாட்டுக்கும் இருந்தது.

சென்னைக்கு மழை எப்போது? ஐப்பசி, கார்த்திகை. வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். அப்படியிருக்க, கத்திரி முடிந்து பத்து நாள் கூட ஆகாத மண்ணில் எதற்காக நட வேண்டும்? ஜூன் 5 ஐக்கிய நாடுகள் சபை குறித்த நாள். நம் ஏரிக்கு அது தெரியாது. லேவில் ஜூலை எப்படியோ அப்படித்தான் நூம்பலில் ஜூன்.

இன்னொரு விஷயம், இன்ஜினியராகச் சொல்கிறேன். கரையின் மேலேயே ஆழ வேர் விடும் பெரிய மரங்களை வரிசையாக வைப்பது எனக்கு உடன்பாடில்லை. மரம் காற்றில் சாய்ந்தால் கரையைப் பெயர்த்துக்கொண்டு சாயும். பட்டுப்போனால் வேர் மக்கி உள்ளே துளை விழும். அடுத்த வெள்ளத்தில் அங்கேதான் தண்ணீர் கசியும். 2015 வெள்ளத்தையும், 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சாலை ஓரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் வேரோடு மல்லாந்ததையும் பார்த்தவர்கள் இதை மறக்கக் கூடாது. கரைக்கு நம் முன்னோர் வைத்தது பனை. நார் வேர், மண்ணைப் பிடித்துக்கொள்ளும், பிளக்காது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், கூண்டு வேண்டாம், ஆடும் கிட்டே வராது. கொட்டையை மழைக்கு முன்னால் மண்ணுக்குள் புதைத்தால் போதும். காய்க்கிற வரைக்கும் நான் இருக்க மாட்டேன். அதனால் என்ன, லடாக் மேமேயும் உத்தரத்துக்கு வெட்டுகிறவரைக்கும் இருக்கவா போகிறார் என்று நினைத்தா ஊன்றினார்?

கரைக்குக் கீழே ஈரம் இருக்கிற ஓரத்தில் நீர்மருது, நாவல், புங்கை. மேட்டுப் பக்கம் வேம்பு, இலுப்பை. ஒன்றிரண்டு வெள்வேலமும் வைக்கலாம் என்று எழுதியிருந்தேன். செயலாளர் முகம் சுளித்தார். "முள்ளு மரமா சார்?" என்றார். திருவேற்காடு இங்கிருந்து எவ்வளவு தூரம்? அந்த ஊர்ப் பெயரே வேல மரக் காடுதான். வேதபுரீசுவரர் கோயிலின் தல மரம் வெள்வேல். நாம் வருவதற்கு முன் இந்த மண்ணில் என்ன நின்றது என்று பக்கத்து ஊர்ப் பெயர்ப் பலகையே சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம்தான் நர்சரியில் சிவப்பாய்ப் பூப்பது எது என்று கேட்கிறோம்.

ஆக, என் திட்டம் ஒரே பக்கம். ஆயிரம் வேண்டாம், 150. ஜூனில் குழி மட்டும் வெட்டி ஆறப்போட்டு எருவும் செம்மண்ணும் கலந்து வைப்பது. அக்டோபரில் இரண்டு நல்ல மழை பெய்த பிறகு நடுவது. அடுத்த கோடைக்கு வாரம் அரை லாரித் தண்ணீர். அதற்குப் பணம் இப்போதே தனியாக எடுத்து வைப்பது. ஐந்து கன்றுக்கு ஒரு வீடு பொறுப்பு. முப்பது வீடு கிடைக்காவிட்டால் கிடைத்த வீட்டுக்கு ஏற்றாற்போல் கன்றைக் குறைப்பது. ஒவ்வொரு வருடமும் சித்திரை மாதம் எண்ணிப் பார்த்து, உயிரோடு இருப்பதை மட்டும் சங்கப் பலகையில் எழுதுவது. மூன்றாம் வருடக் கணக்கு வரும் வரைக்கும் யாருக்கும் பொன்னாடை கிடையாது.

செயலாளர் படித்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "சார், 150-ன்னா வெளியில சொல்லிக்க முடியாதே. ஆயிரம்னாதான் பேப்பர்ல வரும். அரசாங்கமே பசுமைத் தமிழ்நாடு இயக்கம்னு 23 சதவீதத்தை 33 ஆக்கறேன்னு சொல்றாங்க. நாம ஆயிரமாவது வேண்டாமா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய எண் இல்லாவிட்டால் ஆள் சேராது, இலவசக் கன்றும் வராது. அப்படி வந்த ஆயிரத்தில் 150 பிழைத்தால் கணக்கு ஒன்றுதானே என்பது அவர் வாதம். ஒன்றல்ல என்கிறேன் நான். ஒரு தடவை செத்த கூண்டுகளைப் பார்த்த தெரு, அடுத்த தடவை பக்கெட்டைத் தூக்காது. 2019-க்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் மரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஏழெட்டு வருடம் போயிற்று அந்த அலுப்பில்.

இந்த ஞாயிறு மாலை கூட்டம். ஜெயிப்பேன் என்று தோன்றவில்லை. ஜூன் 5-க்குப் பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று கேள்வி. நான் எழுந்து அந்தப் பதினொன்றைச் சொல்லப் போகிறேன். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குங்க சபையில மானத்தை வாங்கிக்கணும்?" என்கிறாள் வீட்டுக்காரி. நாற்பது வருடமாக ஒரு புத்தகத்தில் 600 என்று என் கையெழுத்தோடு கிடக்கிறதே, அதைத் திருத்த எனக்கு வேறு இடம் இல்லை.

கூட்டம் எப்படி முடிந்தாலும் பனை மட்டும் நடக்கும். அதற்கு யார் தயவும் வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் வேலப்பன்சாவடி, அயனம்பாக்கம், பூந்தமல்லிப் பக்கம் யார் இடத்திலாவது பனம்பழம் விழுந்தால் கொட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு சாக்கில் போட்டு வைத்துச் சொல்லியனுப்புங்கள். என் பழைய ஸ்கூட்டர் இன்னும் ஓடுகிறது. நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.